படிக்க மனம் வராத நாட்களுக்கு ஒரு கொப்பி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தொழிற்பரீட்சைக்குப் படிக்கிறாள். பெர்ஃபோமன்ஸ் மனேஜ்மென்ட் (பி.எம்.) தாளில் இரண்டாவது முறையும் தவறிவிட்டது. "அக்கா, புத்தகத்தைத் திறந்தா நித்திரை வருது, மூடினா பயம் வருது. நீங்க என்னெண்டு படிச்ச நீங்க?" என்று கேட்டாள். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்த நாலு ஆறுதல் வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு படுத்த பிறகு மனம் கேட்கவில்லை. அவள் வந்தது வழி கேட்டு. ஆறுதல் வீட்டிலேயே கிடைக்கும். அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரியகல்லாறு. சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். உயர்தரம் வணிகப் பிரிவு, தமிழ் மொழி மூலம். ஏ.சி.சி.ஏ.வின் 13 தாள்களையும் முடிக்க 2018 தொடக்கம் 2024 டிசம்பர் வரை சென்றது. நடுவில் ஐந்து முறை தவறினேன். பி.எம். தாளில் இரண்டு, வணிக அறிக்கையிடல் பற்றிய எஸ்.பி.ஆர். தாளில் இரண்டு, கடைசியாக எழுதிய நிதி முகாமைத்துவத் தாளான ஏ.எஃப்.எம்.மில் ஒன்று. ஒவ்வொரு தாளிலும் தேற 50 புள்ளி வேண்டும். எனக்கு ஒருமுறை 46 வந்தது. அந்த நான்கு புள்ளி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். சி.ஏ., சீமா, ஏ.ஏ.டி. போன்ற மற்றக் கணக்கீட்டுப் படிப்புகள் படிக்கிறவர்களுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். தாள்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கொப்பி

அப்பா வீட்டோடு சேர்த்து ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். ஒவ்வொரு இரவும் கடையைச் சாத்திய பிறகு அன்றைய வரவையும் கடனையும் எழுதாமல் படுக்கமாட்டார். "நட்டமெண்டாலும் எழுதிப்போட்டாத்தான் நித்திரை வரும்" என்பார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து கடையைக் கொண்டுபோனது. கடன் கொப்பியும் போனது. நாங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா ஒன்றரை மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் புதிய சீ.ஆர். கொப்பி ஒன்றை வாங்கிவந்து, நினைவில் இருந்ததை எல்லாம் எழுதத் தொடங்கினார். கல்முனை மொத்தக் கடைகளுக்குத் தான் கொடுக்கவேண்டியதை முதல் பக்கத்தில் எழுதினார். மற்றவர்கள் தனக்குத் தரவேண்டியது அதற்குப் பிறகுதான். கொடுக்கவேண்டியதுதான் கூட. இருந்தும் எழுதி முடித்த அன்று இரவு அவராகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பி.எம்.மில் முதல் முறை தவறிய பிறகுதான் இந்தச் சம்பவம் எனக்கு விளங்கியது. நான் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உண்மையில் எந்தப் பாடம் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எனக்கே கணக்கு இல்லை. எழுதாத கடன்போல அது மனதில் கிடந்து பெருத்தது. புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கடன் முழுவதும் ஒன்றாக எழுந்து நின்றது. மனம் அதற்குப் பயந்து நித்திரைக்குள் ஒளிந்தது. கணக்கீடு படிக்கிற நாம் ஊரார் கணக்கை எல்லாம் எழுதுகிறோம். நம்முடைய கணக்கை எழுதுவதில்லை.

ஆகவே முதல் வேலை இது. 80 பக்கக் கொப்பி ஒன்று எடுங்கள். நான்கு நிரல் போடுங்கள்: திகதி, அத்தியாயம், எத்தனை புள்ளிக்கான கேள்வி செய்தேன், எத்தனை கிடைத்தது. இவ்வளவுதான். எத்தனை மணித்தியாலம் படித்தேன் என்ற நிரல் மட்டும் வேண்டாம். நான் முதலில் அப்படித்தான் எழுதினேன். ஒரு ஞாயிறு "6 மணித்தியாலம்" என்று எழுதிய திருப்தியில் படுத்தேன். அந்த ஆறு மணித்தியாலத்தில் ஒரு கேள்விகூடச் செய்திருக்கவில்லை. வாசித்து, நிறம் தீட்டி, குறிப்பை அழகாகத் திரும்ப எழுதியிருந்தேன். மணித்தியாலம் நம்மை ஏமாற்றும். புள்ளி ஏமாற்றாது.

புள்ளியால் அளப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பி.எம்., எஃப்.ஆர். (நிதி அறிக்கையிடல்) போன்ற தாள்களில் 100 புள்ளிக்கு 180 நிமிடம். ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். கடைசிப் பகுதியில் வரும் 20 புள்ளிக் கேள்வி ஒன்றுக்கு 36 நிமிடம் வருகிறது. தெரிவு வினா ஒன்று 2 புள்ளி என்றால் மூன்றரை நிமிடம் போதும். மில்லில் வேலை முடிந்து, கல்முனையில் பஸ் மாறி, வீடு வந்து, குளித்துச் சாப்பிட எட்டு மணி ஆகிவிடும். "இனி மூன்று மணித்தியாலம் படிக்கவேண்டும்" என்றால் உடம்பு முடியாது என்று சொல்லும். "36 நிமிடம், ஒரே ஒரு கேள்வி" என்றால் அதே உடம்பு சம்மதிக்கும். பல இரவுகளில் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தியிருக்கிறேன். அதுவே போதுமான நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஐந்து இரவு அப்படிப் போனால் 100 புள்ளிக்கான கேள்விகள், அதாவது ஒரு முழுத் தாள், முடிந்திருக்கும்.

குறைந்த புள்ளியையும் எழுதுங்கள், இதில் கையை நடுங்கவிடாதீர்கள். என் கொப்பியில் 20க்கு 4 இருக்கிறது, 20க்கு 2 இருக்கிறது. ஆறு வாரம் போன பிறகு அதே அத்தியாயத்துக்குத் திரும்பி வந்தபோது 20க்கு 11 வந்தது. முதலில் எழுதிய 4 அங்கே இல்லாவிட்டால் அந்த 11 எனக்கு வெறும் பதினொன்று. 4 இருந்ததால் அது ஏழு புள்ளி முன்னேற்றம். உற்சாகம், ஊக்கம் என்று எல்லாரும் தேடுகிற சாமான் எனக்கு அந்த ஏழில் இருந்துதான் கிடைத்தது. எந்தப் பேச்சாளரின் காணொளியும் அதைத் தரவில்லை.

எப்போது எழுதுவது என்பதை வெள்ளாமை சொல்லட்டும்

ஏ.சி.சி.ஏ. பரீட்சைகள் மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் என்று வருடம் நான்கு முறை வருகின்றன. முதல் நான்கு தாள்கள் மட்டும் இந்தக் காலக்கட்டுக்குள் இல்லை. கொழும்பில் வேலை செய்கிறவர் நான்கில் எதையும் எடுப்பார். நமக்கு அப்படி இல்லை. பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நெல் வரத் தொடங்கினால் ஆலையில் இரவு ஒன்பது மணிக்கும் லொறி நிற்கும். மூடைக் கணக்கு, வயல் முதலாளிகளான போடியார்மாருக்கான கொடுப்பனவு, ஈரப்பதக் கழிவு என்று தலை சுற்றும். சிறுபோக நெல் ஆவணி, புரட்டாதியில் வரும். ஆக மார்ச்சும் செப்டெம்பரும் எனக்கு உதவாத மாதங்கள். இதை அறியாமல் முதல் வருடம் மார்ச்சுக்குப் பதிந்து, படிக்க நேரம் கிடைக்காமல், "என்னால் முடியாது போல" என்று அழுதேன். முடியாமல் போனது எனக்கு அல்ல, அந்த மாதத்துக்கு. பிறகு ஜூனும் டிசம்பரும் என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் வேலைக்கும் இப்படி ஒரு போகம் இருக்கும். வங்கியில் வருட முடிவு, பாடசாலையில் தவணைப் பரீட்சை, அரச அலுவலகத்தில் டிசம்பர். முதலில் அதைக் கலண்டரில் குறியுங்கள், பிறகு பரீட்சைக்குப் பதியுங்கள். ஜூன் பரீட்சைக்கு முன்னால் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும். சடங்கின் நிறைவான திருக்குளிர்த்தி நாளில் வீட்டில் இருந்து படிக்கலாம் என்று ஒரு வருடம் நினைத்தேன். படிக்கவும் முடியவில்லை, கோயிலுக்குப் போன நிம்மதியும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அந்த நாட்களுக்குக் கொப்பியில் முன்கூட்டியே கோடு கீறிவிட்டேன். மனச்சாட்சி குத்தாமல் கோயிலில் நின்றேன். டிசம்பரில் மாரி மழை. எந்தப் பாதையில் எப்போது வெள்ளம் ஏறும் என்று சொல்ல முடியாது. அதனால் கொழும்புக்குப் பரீட்சைக்கு முதல் நாள் போகாதீர்கள். இரண்டு நாள் முந்தியே போய்விடுங்கள்.

ஒரே முறையில் நான்கு தாள் வரை எழுத அனுமதி உண்டு. வேலையோடு படிக்கிறவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தமிழில் விளங்கட்டும்

மனம் உடைகிற இடம் எனக்குப் பெரும்பாலும் கணக்கில் வரவில்லை, ஆங்கில வாக்கியத்தில்தான் வந்தது. அட்டுறு செலவு (ஏற்பட்டும் இன்னும் கொடுக்காத செலவு) என்றால் உயர்தரத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அதையே 'அக்ரூவல்' என்று நான்கு வரி நீளமான ஒரு வாக்கியத்துக்குள் வைத்தால் எனக்கு எதுவுமே தெரியாததுபோல இருக்கும். அதற்காக ஒரு சின்னக் கொப்பியில் இரண்டு நிரல் எழுதினேன். ஒரு பக்கம் பெறுமானத் தேய்வு, நன்மதிப்பு, காசுப் பாய்ச்சல் கூற்று, உரிமையாண்மை. மறுபக்கம் அவற்றின் ஆங்கிலச் சொல். சுமார் 200 சொல் சேர்ந்தது. எழுதி முடித்தபோது தெரிந்தது, அவற்றில் பாதிக்கு மேல் எனக்கு ஏற்கெனவே தெரிந்த விசயங்கள். தமிழ் மொழி மூலம் படித்ததைக் குறைவாக நினைக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறை செய்து பார்க்கவேண்டும்.

பிறகு, விளங்காத ஒன்றை வேலை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பி.எம்.மில் 'யீல்ட் வேரியன்ஸ்' என்று ஒன்று வரும், எதிர்பார்த்த விளைவுக்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம். சூத்திரத்தை மூன்று மாதம் பாடமாக்கினேன், நிற்கவில்லை. ஒருநாள் மில்லில் நெல் குற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சட்டென்று பிடிபட்டது. 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி வரும் என்று வைத்திருக்கிறோம். வந்தது 62. நெல் கிலோ 100 ரூபா என்றால், எதிர்பார்த்த கணக்கில் ஒரு கிலோ அரிசிக்குப் போகும் நெல்லின் விலை 153.85 ரூபா. குறைந்தது 3 கிலோ. மூன்றால் பெருக்க 461.55 ரூபா, பாதகம். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். எங்கள் ஆலை மேற்பார்வையாளர் அண்ணன் சூத்திரம் எதுவும் படிக்காமல் ஒவ்வொரு மாலையும் இதைத்தான் விரல் மடித்துக் கணக்குப் பார்க்கிறார். அன்று இரவு 20க்கு 14 எழுதினேன். புத்தகத்தில் இருப்பது நம் ஊரிலும் நடக்கிறது என்று தெரிகிற நாளில் படிப்பு நமக்குச் சொந்தமாகிவிடுகிறது. கடை, வங்கி, மீன்வாடி, தயிர்ச் சட்டி விற்கிற இடம் என்று எங்கேயும் ஒரு கணக்கீட்டுப் பாடம் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

விளங்கியதை யாருக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அம்மாவுக்குச் சொன்னேன். 80 சதவீதப் பங்கு வைத்திருக்கும் கம்பனி ஏன் மற்றக் கம்பனியின் சொத்து முழுவதையும் தன் கணக்கில் சேர்க்கிறது என்று மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் விளக்கினேன். "மிச்சம் இருவது ஆருட? அவங்களுக்குச் சொல்லாமலா சேர்க்கிற?" என்று கேட்டார். சிறுபான்மைப் பங்காளரின் உரிமையைத் தனியாகக் காட்டவேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் ஒருநாளும் மறக்கவில்லை.

தொடங்குவது எப்படி

காலையில் படிக்கிறவர்களுக்கு ஒரு விசயம். இரவு படுக்கப்போகும் முன் அடுத்த கேள்வியின் முதல் இரண்டு வரியை எழுதி, அப்படியே திறந்து வைத்துவிட்டுப் படுங்கள். பக்கத்தில் பேனையும் கல்குலேட்டரும் இருக்கட்டும். போன் அம்மாவின் அறையில். நான் நாலரைக்கு எழும்புவேன். கல்லாற்றில் அந்த நேரம் கடற்சத்தம் மட்டும்தான் கேட்கும். வெற்றுத் தாளைப் பார்த்தால் மனம் பின்வாங்கும். பாதியில் நிற்கும் கணக்கைப் பார்த்தால் கை தானாகப் பேனையை எடுக்கும்.

2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அந்த மாதங்களில் பஸ்ஸில் போகும் நேரம்தான் என் மேசை. தெரிவு வினாக்களைச் சின்னத் தாள்களில் எழுதி, சம்மாந்துறையில் இருந்து கல்முனைக்குள் ஐந்து செய்வேன். ஐந்து கேள்வி, 10 புள்ளி. கொப்பியில் ஒரு வரி. பூச்சியம் இல்லாத நாள்.

அதே வருடம் காசும் அடித்தது. கட்டணம் பவுணில். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 350ஐத் தாண்டியது. பவுணும் கூடவே ஏறியது. ஜூன் பரீட்சையை விட்டுவிட்டேன். விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். கடன்பட்டுக் கட்டி, பயத்தோடு எழுதியிருந்தால் தேறியிருக்கமாட்டேன். ஆனால் கேள்வி செய்வதை விடவில்லை, வாரம் மூன்று என்று குறைத்துக்கொண்டேன். சீட்டு ஒன்று பிடித்து, அதன் காசில் டிசம்பருக்குக் கட்டினேன். கட்டணத்தை முதற்காலக்கெடுவுக்குள் கட்டினால் குறைவு. கடைசி நேரத்தில் கட்டுகிறவர் கூடக் கட்டவேண்டும். முந்திக் கட்டிவிட்டால், எழுதுவதா விடுவதா என்று தினமும் மனதோடு வழக்காடவும் தேவையில்லை.

தவறிய பிறகு

டிசம்பர் பெறுபேறு அநேகமாகத் தைப்பொங்கலை ஒட்டி வரும். வீட்டில் பொங்கல், வாசலில் கோலம், போனில் 46. அந்த நாளில் என்ன செய்யவேண்டும் என்று முந்தியே முடிவுசெய்து வைத்திருங்கள், ஏனென்றால் அன்றைக்கு மூளை வேலை செய்யாது. என் முறை இது. முதலாம் நாள் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அழுகை வந்தால் அழுங்கள். அம்மா என்னிடம் "புள்ள, படுத்து எழும்பு, மறுகாப் பாப்பம்" என்றார். அதைவிட நல்ல ஆலோசனை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குள் படிப்பை விடுவதா, தொடர்வதா என்று தீர்மானம் எடுக்காதீர்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இலகுவான கேள்வியைச் செய்து, கொப்பியில் ஒரு வரி போடுங்கள். கை மறக்கக்கூடாது.

பிறகு அப்பாவைப்போல, கொடுக்கவேண்டியதை முதலில் எழுதுங்கள். பரீட்சகர்களின் அறிக்கை ஏ.சி.சி.ஏ. இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எல்லாரும் எங்கே புள்ளி இழந்தார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் தாளை நினைவில் இருந்து திரும்ப நடந்து பார்த்தேன். எனக்குத் தெரியாமல் போனது கொஞ்சம்தான். கடைசிக் கேள்வியில் 12 புள்ளிக்கான பகுதியைத் தொடவே இல்லை, நேரம் போய்விட்டது. நடுவில் ஒரு கணக்கு சமப்படவில்லை என்று அதோடு மல்லுக்கட்டியிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது நான்கு புள்ளி. ஆக நான் கற்கவேண்டியது புதிய பாடம் எதுவும் இல்லை. 36 நிமிடம் முடிந்ததும் பாதியில் விட்டு எழும்பக் கற்கவேண்டும். அடுத்த ஐந்து மாதம் மணி அடித்ததும் பேனையை வைத்துப் பழகினேன். கேள்வி செய்ததும் கணினியில்தான், ஏனென்றால் பரீட்சையும் கணினியில்தான். கையால் எழுதிப் பழகிவிட்டு அங்கே போய் விரிதாளில் தடுமாறக்கூடாது. அடுத்த முறை 58.

பி.எம். எழுதுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தவறுவது வழமை. தவறியவர் எல்லாரும் மூளை குறைந்தவர்கள் என்றால் உலகத்தில் கணக்காளர் என்று யாரும் மிஞ்சமாட்டார்கள்.

கூட இருப்பவர்கள்

சேர்ந்து படித்தது நாங்கள் மூன்று பேர். ஒருவர் அக்கரைப்பற்று, ஒருவர் காத்தான்குடி, நான் கல்லாறு. நேரில் சந்தித்தது இரண்டே முறை. வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். விதி ஒன்றுதான்: இரவு ஒன்பதரைக்குள் அன்றைய கொப்பி வரியைப் படம் எடுத்துப் போடவேண்டும். "முடியும், முயற்சி செய்" போன்ற வாசகங்கள் போடக்கூடாது. நோன்பு காலத்தில் அவர்கள் இருவரும் தராவீஹ் தொழுகை முடிந்து பதினொரு மணிக்கு அனுப்புவார்கள், நான் விழித்திருப்பேன். யாராவது இரண்டு நாள் அனுப்பாவிட்டால் மற்றவர் போன் எடுப்பார். மூன்று பேரும் முடித்துவிட்டோம், வெவ்வேறு வருடங்களில்.

சொந்தக்காரர்கள் கலியாண வீட்டில் "இன்னும் முடியல்லையா?" என்று கேட்பார்கள். பெண்பிள்ளை என்றால் அடுத்த கேள்வி என்ன என்றும் தெரியும். அவர்கள் வேண்டுமென்று புண்படுத்தவில்லை, பதின்மூன்று தாள் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. "பதின்மூன்றில் எட்டு முடிஞ்சு, மாமி" என்று எண்ணைச் சொல்லுங்கள். எண்ணுக்கு எதிர்க்கேள்வி குறைவு. உங்கள் காதும் அந்த எட்டைக் கேட்கும்.

நேற்று மாலை அந்தத் தங்கச்சி மறுபடி வந்தாள். அதற்குள் நானே ஒரு கொப்பியை வாங்கி, கோடு கீறி வைத்திருந்தேன். இங்கேயே இருந்து ஒரு கேள்வி செய் என்றேன். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். 36 நிமிடத்தில் நிறுத்தச் சொல்லி, இருவரும் சேர்ந்து திருத்தினோம். முதல் வரியில் 20, அதற்குப் பக்கத்தில் 7. எழுதும்போது கையால் மறைத்தாள். கையை எடுக்கச் சொல்லி, படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். இன்று இரவு ஒன்பதரைக்கு இரண்டாவது வரி வரவேண்டும்.